சீக்கு முந்தி, ஊசி பிந்தி

மருதாசலத்தின் கோழிக்கொட்டாய்க்குள் காலை வைக்க வேண்டுமென்றால் கலெக்டரே வந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் இருக்கும் பினாயில் தட்டில் இரண்டு பாதங்களையும் நனைத்தாக வேண்டும். புதுச்சத்திரத்துக்கு மேற்கே வண்டித்தடத்தில் ஒரு மைல் உள்ளே வந்து கலெக்டர் எதற்குக் கோழி பார்க்கப் போகிறார் என்று கேட்காதீர்கள். வந்தால் அதுதான் சட்டம். ஒருமுறை பொங்கல் சீர் கொண்டுவந்த மச்சினன் புதுச் செருப்போடு கொட்டாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டான். அதற்கு மருதாசலம் போட்ட சத்தத்தில் அந்த மனுசன் சீர்த்தட்டை வைத்த கையோடு பஸ் ஏறிவிட்டான். கறிக்குழம்பு அடுப்பிலேயே இருந்தது.

இத்தனை கெடுபிடியும் வீண்போகவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தப் பக்கம் ஆளாளுக்குக் கடலைக்காட்டை விட்டுவிட்டு வெள்ளைக் கோழி வளர்க்கக் கிளம்பினார்கள். பாதிப் பேர் வெள்ளைக்கழிச்சல் நோய்க்குக் கோழிகளை வாரிக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் கடலை போடப் போனார்கள். மருதாசலம் மட்டும் தாக்குப்பிடித்து நின்றான். குஞ்சு வந்த முதல் வாரமே கண்ணில் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கைத் தோலுக்கடியில் ஊசி. மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து, பிளாஸ்க்கை மடியில் வைத்து, வெயில் ஏறுவதற்குள் நாமக்கல்லிலிருந்து வந்து சேர்வான். பஸ்ஸில் யாராவது அந்த பிளாஸ்க்கைப் பார்த்து, டீ இருந்தால் ஒரு வாய் கொடுங்கள் என்று கேட்டால் அவர் பாடு அவ்வளவுதான்.

ஊசி பிடித்துவிட்டால் அவன் கை நடுங்காது. ஒரு கோழியை வாங்கி, இறக்கையை விரித்து, குத்தி, கீழே விடுவதற்குள் அவன் மனைவி பூவாத்தாள் அடுத்த கோழியை நீட்டியிருக்க வேண்டும். "வெள்ளம் வாரதுக்கு மின்னயே அணை போடோணுமுங்க. வந்த பொறவு மம்முட்டியத் தூக்கிட்டு ஓடி என்ன பண்றது?" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் புத்தி சொல்வான். சுற்றுவட்டாரத்தில் யார் கோழி தலையைத் தொங்கப் போட்டாலும் அவனிடம்தான் ஓடி வருவார்கள்.

அப்படிப்பட்டவன் வீட்டில், மனிதருக்குப் போடும் ஊசி மட்டும் வாசல் ஏறக்கூடாது.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டு வருசத்துக்கு முன்னால் அவர்களுக்கு ராசாத்தி என்று ஒரு பெண் குழந்தை இருந்தது. தவழ ஆரம்பித்திருந்த நேரம். பள்ளிக்கூடத்தில் வந்து தடுப்பூசி போட்டார்கள். தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுக்கொண்டு வந்தார்கள். மூன்றாம் நாள் குழந்தை போய்விட்டது. அன்றிலிருந்து மருதாசலத்துக்கு அந்த ஊசி கொலைகாரி. அப்போதிருந்த நர்சை அவன் ரோட்டில் நிறுத்திப் பேசிய பேச்சில், அந்தப் பெண் மாற்றல் வாங்கிக்கொண்டு போனவள் இந்தத் திசைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ராசாத்தியின் பெயரையும் அதற்குப் பிறகு அவன் சொன்னதில்லை. பூவாத்தாள் சொன்னால் எழுந்து போய்விடுவான்.

இப்போது ஒரு பையன். ஐந்து மாதம். ராசாத்தியின் கண், ராசாத்தியின் நெற்றி. ஆனால் பெயர் இல்லை. "தம்பி" என்பான், "சாமி" என்பான், பெயர் மட்டும் வைக்க மாட்டேன் என்றான். கேட்டால், "பேர் வெச்சாத்தானே எமன் கூப்புடுவான்? பேரில்லாத புள்ளைய என்னன்னு கூப்புடுவான்?" என்று திருப்பிக் கேட்டான். எமனை அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடிந்தால் ஊரில் ஒருவனுக்கும் பெயர் இருக்காது. ஆனால் பயந்த மனசுக்கு நியாயம் சொல்லி ஆகப்போவது என்ன? கோழிக்கு மருந்து நாமக்கல்லில் கிடைத்தது. மகனுக்கு அவனாகக் கண்டுபிடித்த தடுப்பு மருந்து இதுதான்.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. அவன் ஒருத்தனோடு போகிற விசயமாக இது இல்லை. ஊசியின் அருமை தெரிந்த மனுசனே வேண்டாமென்கிறார், நமக்கு எதற்கு வம்பு என்று அந்த ஊரே கையைக் கட்டிக்கொண்டது. அந்த இரண்டு வருசத்தில் பிறந்த ஒரு பிள்ளைக்கும் ஊசி இல்லை.

புது நர்ஸ் ஆராயி ஆத்தூர்ப் பக்கத்துக்காரி. லேசில் கோபப்படாதவள், லேசில் விடவும் மாட்டாதவள். மாசத்துக்கு ஒருமுறை மருதாசலத்தின் வேலிப்படலுக்கு வெளியே வந்து நிற்பாள். அந்தச் சித்திரையிலும் வந்தாள்.

"வெண்ணந்தூர்ல நாலஞ்சு வீட்ல கொழந்தைங்களுக்குக் கக்குவான் இருமல் வந்துடுச்சுங்க. மூச்சு வாங்க முடியாம நீலம் பாரிச்சுப் போவுது. இங்க வர்றதுக்கு எத்தனை நாளாவும்? உங்க பையனுக்கு இந்த வாரமாச்சும் போட்டுடலாமுங்க."

"அந்தப் பேச்சு இங்க வேண்டாமுங்க" என்றான் மருதாசலம். "வெயில்ல வந்திருக்கறீங்க. மோர் குடிக்கறீங்களா, எளநி வெட்டட்டுமா?"

இந்த ஊர்க்காரர்களின் மறுப்பு இப்படித்தான் இருக்கும். முடியாது என்பதை இளநீரில் கரைத்துக் கொடுப்பார்கள். ஆராயி இளநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். பூவாத்தாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டித்தடம் வரைக்கும் கூடவே போனாள்.

"ஏம்மா, உனக்கு இஷ்டமிருக்குது. மொகத்துலயே தெரியுது" என்றாள் ஆராயி. "புதன்கெழமை அவர் நாமக்கல் போறப்ப ஸ்கூலுக்குத் தூக்கிட்டு வந்துடேன். அஞ்சு நிமிஷ வேலை."

பூவாத்தாள் தலையை ஆட்டினாள். "வேண்டாமுங்க நர்சம்மா. திருட்டுத்தனமாப் போட்டு, பொழுதோட புள்ளைக்குக் காச்சல் வந்துதுன்னு வைங்க. ஊசி மறுக்காவும் கொலைகாரி ஆயிரும். அப்பறம் இந்த ஊர்ல எந்தப் புள்ளைக்கும் உங்களால போட முடியாது. அவியளே தூக்கிட்டு வரோணுமுங்க. அப்பத்தான் ஆகும்."

"அவரே எப்பம்மா வருவாரு?"

பூவாத்தாள் பிள்ளையின் தலைமேல் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். வெண்ணந்தூர் ஒன்றும் சீமையில் இல்லை. அங்கிருந்து தறிச்சாமான் ஏற்றிக்கொண்டு தினம் ஆட்கள் வந்து போகிறார்கள். அன்று முழுக்க, பிள்ளை தும்மினால்கூட ஓடிப்போய் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள்.

ஆராயியின் கேள்விக்குப் பதில் இரண்டு நாளில் சின்னண்ணன் உருவத்தில் வந்தது.

சின்னண்ணன் பூவாத்தாளுக்குப் பெரியப்பா முறை. பக்கத்துக் காட்டில் விவசாயம். வயது ஐம்பதைத் தாண்டியவர், மருதாசலத்தைப் பார்த்துத் தானும் ஐந்நூறு கோழி வாங்கி விட்டிருந்தார். எட்டாம் வாரம் ஊசி போட்டுவிடுங்கள் மாமா என்று மருதாசலம் தலையால் தண்ணீர் குடித்துச் சொல்லியும், சாமியைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை என்று கருப்பணார் கோயிலுக்குப் போய்ப் பூக் கேட்டார். சாமியின் தலையில் பூ வைப்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். பூ இடப்பக்கம் விழுந்தது. சின்னண்ணன் ஊசியைத் தள்ளிப் போட்டார். கடைசியில் தெற்குக் காட்டுக்காரர் கோழிகள் சாகின்றன என்று கேள்விப்பட்டதும் பதறிப்போய் மருந்து வாங்கி வந்து, சாமியைக் கேட்காமலே குத்தினார்.

மறுநாள் காலையில் அவர் வண்டித்தடத்தில் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"மாப்ள! உங்க ஊசி என்ற கோழியெல்லாத்தையும் கொன்னுபோடுச்சுங்க மாப்ள!"

"அங்கயே நில்லுங்க மாமா!" மருதாசலம் கையிலிருந்த தீவனக் கூடையைப் போட்டுவிட்டுக் கத்தினான். "படலைத் தாண்டி ஒரு அடி வெச்சீங்கன்னா எனக்குப் பொல்லாத கோவம் வரும். சீக்குக் கொட்டாயிலிருந்து வாரீங்க, காலைக் கழுவுனீங்களா?"

சின்னண்ணன் படலுக்கு அந்தப் பக்கமே நின்றார். மூச்சு வாங்கியது. "நேத்தைக்குக் காத்தால குத்துனேன். இன்னைக்குக் கொட்டாயத் தொறந்தா மூலைக்கு மூலை குமிஞ்சு கெடக்குது. இன்னும் உழுந்துக்கிட்டே இருக்குது. சாமி அன்னைக்கே வேண்டாம்னு சொல்லுச்சு. உங்க பேச்சக் கேட்டு நாந்தான் கெட்டேன்."

பூவாத்தாள் பிள்ளையோடு வெளியே வந்தாள். மருதாசலத்துக்குப் பழி என்றால் ஆகாது, அதிலும் கோழி ஊசியின் மேல் பழி. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு போலீஸ்காரன் மாதிரி விசாரிக்கத் தொடங்கினான்.

"ஊசிக்கு மின்ன நாளு கோழி தீவனம் எடுத்துதுங்களா?"

"அது... கொஞ்சம் மீதி வெச்சுது."

"கழிச்சல்?"

"வெள்ளையும் பச்சையுமா இருந்துது. வெயிலுக்குன்னு நெனச்சேன்."

"மூச்சு?"

"ராத்திரியில கர்ரு கர்ருன்னு ஒரு சத்தம்..."

மருதாசலம் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அப்பறம் என்னத்துக்கு மாமா ஊசிய வைய்யறீங்க? சீக்கு மின்னயே உள்ள வந்து பாயப் போட்டுப் படுத்துருச்சு. ஊசி அதுக்குப் பொறவுதான் வந்துது. காக்கா உக்காரப் பனம்பழம் உழுந்தா காக்கா மேலயா பழி? ஊசிங்கறது சீக்கு வராம இருக்கறதுக்கு. வந்த சீக்க வெரட்டறதுக்கு இல்லீங்க. தீவனம் எடுக்காத கோழிக்கு ஊசி போட்டா அது எப்படியும் சாகும், பழி மட்டும் ஊசிக்கு. பாவம் ஒருபக்கம், பழி ஒருபக்கம்!"

சொல்லிவிட்டு, நீதி வழங்கிய திருப்தியில் மூச்சை இழுத்து விட்டான். ஊருக்கே சொல்கிற புத்தி, பத்துத் தரம் சொன்ன புத்தி. அதில் அவனுக்குப் புதிதாக எதுவும் இருக்கவில்லை.

"ஏனுங்க" என்றாள் பூவாத்தாள்.

அவன் திரும்பினான்.

அவள் கோபமாகக் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று திட்டம் போட்டும் கேட்கவில்லை. இரண்டு வருசமாக நெஞ்சுக்குள் கிடந்தது, அவன் கேட்ட கேள்வியின் தடத்திலேயே நடந்து வெளியே வந்துவிட்டது.

"ராசாத்தி ஊசிக்கு மின்ன நாளு பால் எடுத்தாளாங்க?"

சின்னண்ணனுக்கு அந்தக் கேள்வி புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, செத்த கோழிகளைக்கூட மறந்து, வந்த வழியே திரும்பி நடந்தார். மருதாசலம் மனைவியைப் பார்த்தான். அவள் இடுப்பிலிருந்த பெயரில்லாத பிள்ளையைப் பார்த்தான். பிறகு விறுவிறுவென்று கோழிக்கொட்டாய்க்குள் போய்விட்டான்.

பினாயில் தட்டில் கால் நனைக்கவில்லை. அந்தக் கொட்டாய் கட்டிய நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

உள்ளே தீவனச் சாக்கின் மேல் உட்கார்ந்தான். கோழிகள் காலைச் சுற்றி வந்து கொத்தின. ராசாத்தி பால் எடுக்கவில்லை. அவனுக்குத் தெரியும். எப்போதும் தெரியும். அந்த வாரந்தான் முதன்முதலாகக் குஞ்சு இறக்கியிருந்தான். மழைக்காலம், கரண்டு போய்ப் போய் வந்தது. குஞ்சுகள் குளிரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சாகாமலிருக்கக் கரிச்சட்டி மூட்டி, கண் மூடாமல் கொட்டாயிலேயே கிடந்தான். வீட்டுக்குள் ராசாத்தி இருமினாள். நெஞ்சு இழுக்குதுங்க, நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போகலாமுங்க என்று பூவாத்தாள் வந்து வந்து சொன்னாள். நாளைக்குப் போகலாம் என்றான். மறுநாளும் நாளைக்கு என்றான். அதற்குள் பள்ளிக்கூடத்துக்கு ஊசிக்காரர்கள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வேலை மிச்சம், ஊசி போட்டால் இருமல் நின்றுபோகும் என்று அவன்தான் தூக்கிக்கொண்டு போனான். குழந்தைக்கு உடம்புக்கு ஏதாவது இருக்கிறதா என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

குஞ்சுகள் அத்தனையும் பிழைத்தன.

ஊசி கொலைகாரி என்றால் கதை அதோடு முடிந்தது. ஊசி கொல்லவில்லை என்றால் நாளைக்கு, நாளைக்கு என்று சொன்ன வாய் யாருடையது? இந்த ஒரு கேள்வி வந்துவிடக்கூடாது என்றுதான் இரண்டு வருசமாக ஊசியைத் திட்டிக்கொண்டிருந்தான். பாவம் அந்த நர்ஸ். மருதாசலம் சாக்கின் மேல் குனிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். கோழிகளுக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை.

அதற்குப் பிறகு அவன் கொட்டாயே கதியென்று கிடந்தான். பூவாத்தாள் சோறு போட்டாள், சாப்பிட்டான். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோமோ என்று அவளுக்குப் பயமாகவும் இருந்தது, கேட்டதில் ஒரு நிம்மதியாகவும் இருந்தது.

புதன்கிழமை காலையில் அவன் நாமக்கல் கிளம்பவில்லை. வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்து தூளிக்குள் எட்டிப் பார்த்தான்.

"பையன் பால் எடுத்தானா?"

"எடுத்தானுங்க."

"ராத்திரி இருமுனானா?"

"இல்லீங்க."

புறங்கையை வைத்து நெற்றி, நெஞ்சு, உள்ளங்கால் எல்லாம் தொட்டுப் பார்த்தான். காதை நெஞ்சில் வைத்து மூச்சைக் கேட்டான். பிள்ளை அவன் காதைப் பிடித்து இழுத்தது.

"வெயில் ஏறதுக்குள்ள போயிட்டு வந்தரலாம். துண்டு எடு" என்றான்.

பூவாத்தாளுக்குத் துண்டு எது, முந்தானை எது என்று தெரியவில்லை. கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் ஆராயி மேசை போட்டு, பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். மருதாசலம் வருவதைப் பார்த்ததும் சண்டைக்குத்தான் வருகிறான் என்று எழுந்து நின்றுவிட்டாள். தண்ணீர்க் குழாயடியில் இருந்த பெண்களும் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். நல்ல சண்டை ஒன்றை யார்தான் விடுவார்கள்?

"பொட்டியத் தொறங்க" என்றான் மருதாசலம்.

"எதுக்குங்க?"

"ஐஸ் இருக்குதான்னு பாக்கோணும்."

ஆராயி திறந்தாள். அவன் உள்ளே கையை விட்டுப் பார்த்தான். விரல் சில்லிட்டது. "எப்ப எடுத்தீங்க? பஸ்ஸுல வெயில் பட்டுதா? புட்டியத் தொறந்து எவ்வளவு நேரமாச்சு? ஊசியக் கொதிக்க வெச்சீங்களா?" என்று அடுக்கினான். அவள் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். அவளுடைய மேலதிகாரிகூட அவளை அப்படிக் கேட்டதில்லை. கடைசியில் அவன் தலையை ஆட்டினான்.

"செரி. பையனுக்கு அஞ்சு மாசமுங்க. பால் நல்லா எடுக்கறான். இருமல் இல்லை, கழிச்சல் இல்லை, மேல் சுடல. நீங்களும் பாத்துக்கோங்க. ஒடம்புல ஏதாச்சும் இருந்தாச் சொல்லிப்போடுங்க, இன்னொரு நாளைக்குத் தூக்கிட்டு வாரேன்."

ஆராயி பிள்ளையை வாங்கிப் பார்த்தாள். "லேசா சளி இருந்தாக்கூடப் போடலாமுங்க. காச்சல் ரொம்ப இருந்தாத்தான் முதல்ல அதைப் பாத்துட்டு அப்புறம் போடுவோம். உங்க பையன் ஜோரா இருக்கான். பேர் என்னங்க?"

மருதாசலம் மகனைத் திரும்ப வாங்கிக்கொண்டான். "தம்பின்னு போட்டுக்கோங்க."

சொட்டு மருந்தை வாயில் விட்டபோது பிள்ளை சப்புக்கொட்டியது. ஊசி எடுத்ததும் மருதாசலம் மகனின் தொடையை, இறக்கையைப் பிடிக்கிற மாதிரியே இரண்டு விரலால் அசையாமல் பிடித்தான். ஆயிரக்கணக்கான கோழிகளுக்கு ஊசி போட்ட வீரன், அந்த ஒரு ஊசிக்குக் கண்ணை இறுக மூடிக்கொண்டான். பிள்ளை வீரிட்டு அழுதது. குழாயடியில் யாரோ "அடேயப்பா" என்றார்கள்.

"பொழுதோட காச்சல் வரலாம்" என்று ஆராயி மாத்திரை ஒன்றைக் கொடுத்தாள். "காவாசி கரைச்சுக் குடுங்க. ஈரத்துணி போடுங்க. பயப்படாதீங்க. அடுத்த மாசம் ரெண்டாவது ஊசி."

பயப்படாதீங்க என்று சொல்வது சுலபம். பொழுது சாயும்போது பிள்ளைக்கு மேல் சுட்டது. முகம் வாடி, பால் குடிக்காமல் சிணுங்கியது. மருதாசலம் தூளியைச் சுற்றிச் சுற்றி வந்தான். மெயின் ரோட்டுக்கு ஓடி ஒரு லாரியையாவது நிறுத்துகிறேன், இப்போதே நாமக்கல் போய்விடலாம் என்றான்.

பூவாத்தாள் மாத்திரையைக் கரைத்துக்கொண்டே, "ஏனுங்க, ஊசி போட்ட மக்காநாளு கோழி சொணங்கி நின்னா நீங்க என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டாள்.

அவன் நின்றான். "ஊசி புடிச்சிருக்குதும்பேன்."

"அப்பறம்?"

"ஒரு நாளு சொணங்கும். அப்பறம் தீவனம் எடுக்கும்."

"அப்ப உக்காருங்க. காச்சல் ஏறிக்கிட்டே போச்சுன்னா நானே உங்களை ஆஸ்பத்திரிக்கு முடுக்கறேன். நாளைக்குன்னு சொல்ல மாட்டேன்."

கடைசி வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அவன் மெதுவாகத் தூளிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். ஈரத்துணியை அவள் கையிலிருந்து வாங்கி, பிள்ளையின் நெற்றியில் அவனே போட்டான்.

"ராசாத்திக்கு அன்னைக்கே நெஞ்சு இழுத்துதல்ல, பூவா?" என்றான்.

இரண்டு வருசம் கழித்து அந்தப் பெயரை அவன் வாயால் கேட்டதில் பூவாத்தாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஆமாங்க."

"நீ சொன்னே. நாந்தான் குஞ்சு, குஞ்சுன்னு..."

"ஊசி போட்டாச் செரியாப் போயிரும்னு நானுந்தானுங்க நெனச்சேன். நானுந்தானே துண்டச் சுத்திக் குடுத்தேன்? அந்த நர்சம்மாகிட்ட நானும் வாயத் தொறக்கல." அவள் மூக்கைச் சிந்தினாள். "ஊசி மேலயும் பழி வேண்டாமுங்க, உங்க மேலயும் வேண்டாம். சீக்கு மேல போடுங்க. அதுதான் மின்ன வந்துது."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பகலிலோ இரவிலோ, பிறர் பார்க்கவோ பார்க்காமலோ, கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அப்படிச் சும்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் இல்லை அவன். பிள்ளை சிணுங்கிச் சிணுங்கித் தூங்கிப்போனது.

விடிந்தபோது நெற்றி வேர்த்துக் குளிர்ந்திருந்தது. ஊரையே எழுப்புகிற குரலில் பாலுக்கு அழுதது. மருதாசலம் அந்த அழுகையைக் கச்சேரி கேட்பது போலத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, முகம் கழுவ வெளியே வந்தான்.

படலுக்கு அந்தப் பக்கம், சொல்லாமலே ஒழுங்காகத் தள்ளி நின்றுகொண்டிருந்தார் சின்னண்ணன். கால் இரண்டும் சுண்ணாம்பு போட்டுக் கழுவி வெள்ளைவெளேரென்று இருந்தன. அவருக்குப் பின்னால், பால் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் போல இரண்டு மூன்று பெண்கள் நின்றார்கள். அவர்கள் வீட்டு மாடுகளை இன்னும் கறக்கவே இல்லை என்பது வேறு விசயம்.

"பையன் எப்படி இருக்கறானுங்க மாப்ள?"

"நேத்துப் பொழுதோட சொணங்குனான். இப்பத் தீவனம் எடுக்கறான்."

"புள்ளைக்குத் தீவனமா!" என்று உள்ளேயிருந்து பூவாத்தாளின் குரல் வந்தது. பெண்கள் சிரித்தார்கள். சின்னண்ணன் சிரிக்கவில்லை. துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே, "என்ற பேத்திக்கு ஏழு மாசமாச்சு. ஊசி போட்டுரலாமுங்களா?" என்று கேட்டார்.

"பால் எடுக்கறாளா?"

"நல்லா எடுக்கறா."

"இருமல்?"

"இல்லீங்க."

"அப்ப இதுதானுங்க நேரம். சீக்கு வாரதுக்கு மின்ன. புதங்கெழமை நானே கூட வாரேன், நர்சம்மா பொட்டியில ஐஸ் இருக்குதான்னு பாத்துக் குடுக்கறேன்." பெண்களின் பக்கமும் பார்த்துச் சொன்னான். "பூக் கேக்கோணும்னா இன்னைக்கே கேட்டுக்கோங்க மாமா. கருப்பணாருக்கும் இந்நேரம் விசயம் தெரிஞ்சிருக்கும்."

சின்னண்ணனுக்கு இப்போதுதான் சிரிப்பு வந்தது. போகத் திரும்பியவர் நின்று, "ஏனுங்க மாப்ள, நர்சம்மா நேத்தைக்குப் பேரக் கேட்டதுக்குத் தம்பின்னு சொன்னீங்களாமா? அடுத்த மாசமும் அதேதான் சொல்லுவீங்களா?" என்றார்.

மருதாசலம் வண்டித்தடத்தைப் பார்த்தான். அதில் யாரும் வரவில்லை. எமன் எங்காவது பனைமரத்தடியில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறானோ என்னவோ, நின்றால் நின்றுகொள்ளட்டும். மருதாசலம் வீட்டைப் பார்த்துத் திரும்பி, வாயருகே கையைக் குவித்துக்கொண்டு, அடுத்த காட்டுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகக் கூப்பிட்டான்.

"அர்த்தநாரீ!"

உள்ளே அழுகை சட்டென்று நின்றது. தன் பெயர் அதுதான் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? சத்தத்துக்கு நிறுத்தியிருக்கும். ஆனால் பூவாத்தாள் பிள்ளையை மார்போடு அணைத்தபடி வாசலுக்கு ஓடி வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும், இன்னொரு தடவை அதைவிடச் சத்தமாகக் கூப்பிட்டான் மருதாசலம்.